வீரையாவின் ஐம்பத்தெட்டு கிலோ

காலை ஆறு மணிக்கு வீரையா எடை பார்க்கும் தராசின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதன் மேல் ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கி வைக்கிறார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு முள் ஐந்தில் நிற்கிறதா என்று பார்க்கிறார். நின்றால் பையை இறக்கிவிட்டுத் தான் ஏறுகிறார். நிற்காவிட்டால் பக்கத்துத் திருகைத் துளி திருப்பி, மறுபடி பை, மறுபடி ஒற்றைக் கண். தராசையே நிறுத்துப் பார்க்கும் மனிதர் குன்னூர்ப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்களின் லைன் வீடுகளில் இவர் ஒருவர்தான்.

எல்லாம் நெஞ்சுக்காக. மூன்று வருடங்களுக்கு முன்பு மாரடைப்பு வந்து, கோயம்புத்தூரில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். இதயத்தின் வலு பாதியாகிவிட்டது, இனி தினமும் எடை, பிரஷர், நாடி, கால் வீக்கம் எல்லாம் பார்த்து எழுதி வைக்க வேண்டும் என்றார் டாக்டர். மூன்று நாளைக்குள் இரண்டு கிலோ ஏறினால் உடம்பில் நீர் கோக்கிறது என்று அர்த்தம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். வீரையா இதை மாத்திரையைவிடப் பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டார். மகள் ரஞ்சனி திருப்பூரிலிருந்து வாங்கி அனுப்பிய பிரஷர் மெஷினில் மட்டும் அவருக்கு நம்பிக்கை இல்லை. பேட்டரியில் ஓடுவதற்கு மனிதன் ரத்தத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பார். ஆனாலும் இரண்டு கையிலும் பார்த்து, இரண்டையும் மாதக் காலண்டரின் கட்டத்தில் பொடிப்பொடியாக எழுதிவிடுவார். எடையை மட்டும் பெரிதாக எழுதி அடிக்கோடு போடுவார்.

எடை அவருடைய தொழில். இலங்கையில் பதுளைப் பக்கத்திலிருந்து ஒன்பது வயதில் கப்பலேறி வந்தவர் இன்றைக்கும் டீயைத் தேத்தண்ணி என்றுதான் சொல்கிறார். இந்த எஸ்டேட்டில் முதலில் தேயிலைக்கு மருந்தடித்தார், வளர்ந்த செடிகளைக் கழித்துக் கவாத்து வெட்டினார். அப்புறம் இருபத்தாறு வருடம் கொழுந்து நிறுத்தார். முக்காலியில் தொங்கும் தராசுக்குப் பக்கத்தில் குடை பிடித்தபடி நின்று, பெண்கள் கொண்டுவரும் சாக்குகளை மாட்டி எடையைச் சத்தமாகச் சொல்வது அவர் வேலை. வெயில் நாளில் சாக்கின் எடையை மட்டும் கழிப்பார், அதுதான் கழிவு. மழை நாளில் இலையில் ஒட்டிய தண்ணீருக்கும் சேர்த்துக் கழிக்க வேண்டும். அவர் பார்வையாலேயே கழிவைச் சொல்லிவிடுவார். யார் முணுமுணுத்தாலும் அசைந்ததில்லை. அவர் மனைவி தெய்வம்மாவும் அதே வரிசையில் சாக்கோடு நின்றவள்தான். மழை நாளில் மற்றவர்களுக்கு இரண்டு கிலோ கழிவு என்றால் அவளுக்கும் அதே இரண்டு கிலோ. அன்றைக்குக் குழம்பில் உப்பு ஒரு கை கூடுதலாக விழும், அவ்வளவுதான். நியாயமாக நிறுத்தவர் என்று பேர் எடுத்தார். கொஞ்சம் தலைக்கனமும் கூடவே வந்தது என்று சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும்.

போன ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. அடுப்புக்கு மேல் கயிறு கட்டி உலர்த்தியும் துணி காயவில்லை. தொட்டதெல்லாம் ஈரம். அந்தக் குளிரில் ஸ்வெட்டரும் மப்ளரும் சால்வையுமாகவே வீரையா தராசில் ஏறினார். முள் ஐம்பத்தொன்பதரை காட்டியது. மழை நாள்தானே என்று ஒன்றரையைக் கழித்து வழக்கமான ஐம்பத்தெட்டையே எழுதினார். இரண்டு நாள் கழித்து அறுபத்தொன்று. மழை கூடியிருந்தது, கழிவையும் கூட்டினார். கட்டத்தில் அதே ஐம்பத்தெட்டு. நிமிர்ந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரண்டு தலையணை வைத்துக்கொண்டார். செருப்பு இறுகியதற்கு, நனைந்து சுருங்கிவிட்டது என்று செருப்பையே குறை சொன்னார். தெய்வம்மா ஒருதரம் முள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, கூட இருக்கிறதே என்றாள். கொழுந்து பறித்தவளுக்குத் தராசு பற்றி என்ன தெரியும் என்று வாயை அடைத்துவிட்டார்.

மாதத்துக்கு ஒருமுறை மாத்திரை கொண்டுவரும் நர்ஸ் சுகுணா, குடையை மடக்கிவிட்டு முதலில் காலண்டரைத்தான் பார்ப்பாள். அன்று பார்த்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். பதினோரு நாளாக ஒரே எண். மனிதர் எடை கொஞ்சமாவது ஏறி இறங்காமல் இருக்குமா என்று கேட்டாள். தன் தராசில் பிசகு வராது என்று வீரையா பெருமையாகச் சொன்னார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கியது. சுகுணா அவர் வேட்டியை விலக்கிக் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. ஸ்வெட்டரையும் சால்வையையும் கழற்றச் சொல்லித் தராசில் ஏற்றினாள். அறுபத்திரண்டு.

"நாலு கழிச்சுக்க பிள்ள," என்றார் வீரையா.

"எதுக்குங்கய்யா?"

"மழத் தண்ணிக்கு. எப்பவும் கழிக்கிறதுதானே."

சுகுணாவுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. கோபத்தை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "அந்தத் தண்ணி வெளியில இல்லைங்கய்யா, உங்க ஒடம்புக்குள்ளதானுங்க கெடக்குது. மூச்சு முட்டுறது அதனாலதானுங்க. அதைக் கண்டுபுடிக்கத்தானுங்க தினமும் எடை பாக்கச் சொன்னது. நீங்க அதையே கழிச்சுட்டீங்களே."

வீரையா தராசிலிருந்து இறங்கினார். இருபத்தாறு வருடத்தில் அவருடைய கழிவு தப்பு என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லி நிரூபித்தவள் இவள் ஒருத்திதான்.

சுகுணா சொல்லியனுப்பி அரை மணி நேரத்தில் எஸ்டேட் ஜீப் வந்தது. குன்னூர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு நீரை இறக்கினார்கள். ஆறு நாள் படுக்கை. இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் கொண்டுவந்தும் பயன் இருந்திருக்காது என்று அங்கிருந்த டாக்டர் தெய்வம்மாவிடம்தான் சொன்னார். அவள் அதை வீரையாவிடம் சொல்லவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தான் எட்டிப் பார்த்த அன்றைக்கே சண்டை போட்டாவது இழுத்துக்கொண்டு வராமல் போனோமே என்று மருகிக்கொண்டிருந்தாள். வீரையா கண்ணை மூடியிருந்தாலும் தூங்கவில்லை. டாக்டர் சொன்னது அவர் காதிலும் விழுந்திருந்தது. ஏழாம் நாள் வீடு வந்து சேர்ந்தார்கள்.

மறுநாள் காலையும் மழைதான். உடம்பில் பனியனும் வேட்டியும் மட்டும் இருக்க, குளிரில் நடுங்கியபடி வீரையா தராசில் ஏறினார். முள்ளைப் பார்க்க அவர் குனியவில்லை. இரண்டு கையையும் தொங்கவிட்டு எதிர்ச் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

"தெய்வம்மா," என்று அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தார். "முள்ளு எதுல நிக்கிதுன்னு நீ வந்து பாத்துச் சொல்லு."

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, அவர் காலடியில் உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கி ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துச் சொல்லும்வரை, அவர் சுவரைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை.