கறுப்புக் கோட்டின் கீழே

அப்பாவின் மருந்துப் பெட்டிகளில் காலை, மத்தியானம், இரவு என்று எழுத மார்க்கரைத் திறந்தேன். அந்த மணம் சிறுவயதை இழுத்து வந்தது.

கொழும்பு வெள்ளவத்தையில் இதே வீடு. ஆங்கில விண்வெளித் திகில் நாவல்களை எனக்குத் தருமுன், அவற்றிலுள்ள கெட்ட வார்த்தைகளை அப்பா மார்க்கரால் மறைப்பார். தலை துண்டாகும், குடல் மிதக்கும், அதையெல்லாம் அப்படியே விட்டுவிடுவார்.

"இதில என்ன இருந்தது அப்பா?"

"கதையில வாற அந்த மிருகத்தின்ர பேர், பிள்ளை. வாசிச்சால் வந்திடும்."

நம்பினேன். கறுப்புக் கோட்டை விரலால் மூடிக்கொண்டே வாசிப்பேன்.

பாரிசவாதம் வந்து பேச்சுப் போன பிறகு, இப்போது அப்பாவுக்கு வாயில் வருவது ஒரேயொரு ஆங்கிலக் கெட்ட வார்த்தைதான். தண்ணீர் கேட்டாலும் அது, நன்றி சொன்னாலும் அது.

"ஆக்கள் வாற நேரம், அப்பாவின்ர அறைக் கதவைச் சாத்து," என்று அம்மா தினமும் கெஞ்சுகிறார். சாத்திச் சாத்தி அலுத்துவிட்டது.

மார்க்கரை மூடிவிட்டு, அலுமாரியிலிருந்து பழைய நாவலொன்றை எடுத்து அவருக்கு வாசித்தேன். விண்கலத்தின் கதவு உடைகிறது, தளபதி கத்துகிறான். கறுப்புக் கோடு வந்ததும் பழக்கத்தில் நிறுத்தினேன்.

அப்பா அந்த வார்த்தையைச் சொன்னார். மிகச் சரியான இடத்தில்.

"வந்திட்டுது அப்பா," என்றேன்.

வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார். கதவு திறந்தே கிடந்தது.