ஸ்பெயின் மிஷின் எதை மூடச் சொன்னது?

ஒரகடத்தில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். வேலையைவிட ஒரு வார்த்தைதான் இன்று ஆளைச் சோர்ந்துபோக வைத்துவிட்டது.

காலையில் எங்கள் லைனில் இருக்கும் ஸ்பெயின் மிஷின் நின்றுபோனது. திரையில் 'சியெர்ரே' என்று ஒரே ஒரு ஸ்பானிஷ் வார்த்தை. யாரோ போனில் தேடினார்கள். 'மூடல்' என்று வந்தது.

போன வாரம்தான் பக்கத்து லைனை நிறுத்தியிருந்தார்கள். அதனால் டீ பிரேக்குக்குள் கம்பெனியையே மூடப் போவதாகப் பேச்சாகிவிட்டது. என்னோடு வேலை செய்யும் லதா அக்கா டீயைத் தொடவே இல்லை.

"இப்பத்தான் பொண்ண காலேஜ்ல சேத்துகினு வந்தேன். இன்னா பண்றது, சொல்லு."

டீயை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

மெயின்டனன்ஸ் சேகர் மிஷின் விற்றவர்களுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு வந்தார்.

"அதுக்கு மூடல்னும் அர்த்தம் கீதாம், மூடுங்கன்னும் அர்த்தம் கீதாம். இது கதவ மூடச் சொல்லுதுக்கா."

லதா அக்கா எழுந்து போய் மிஷின் கதவை இழுத்துச் சாத்தினார். மிஷின் ஓடியது. யாரும் சிரிக்கவில்லை.

நிஜமாகவே மூடும் நாளில் எங்களுக்கு எந்த மொழியில் சொல்வார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இப்போதே கற்றுக்கொள்கிறேன்.