வெற்றிலைத் தோட்டத்தில் மின்கம்பம்

ஆயர் ஈத்தாம் ஊரில் ருக்குமணியின் வெற்றிலைத் தோட்டத்துக்குள் செருப்போடு நுழைந்த எவரும் வசவு வாங்காமல் திரும்பியதில்லை. கால் கழுவாமல் வந்தால் கொடி வாடிவிடும் என்பாள். ஜப்பான்காரன் ஆட்சியிலும் அவள் தோட்டத்தில் அவள் வைத்ததுதான் சட்டம்.

மின்சார ஆபீஸ் விநாசித்தம்பிக்கு இது தெரியாது. மலையடிவாரத்துக்குக் கரண்டு கொண்டுபோகக் கம்பம் நட வேண்டும். இடம் பார்க்கிறேன் என்று பூட்சோடு நேரே கொடிகளுக்கு நடுவில் போய் நின்றார்.

"வெளிய போங்க லா. கம்பமும் வேணாம், கரண்டும் வேணாம்," என்றாள் ருக்குமணி.

மறுநாள் அந்த யாழ்ப்பாணத்து மனிதர் பூட்சை வேலியோரம் கழற்றிவைத்து, கால் கழுவிக்கொண்டு, படலுக்கு வெளியிலேயே நின்றார்.

"எந்த இடத்தில நட்டால் கொடிக்குக் கெடுதல் இல்லையெண்டு நீங்களே சொல்லுங்கோ, அக்கா. உங்கட வீட்டுக்கும் ஒரு விளக்கு இழுத்துத் தாறன்."

விளக்கைவிட அந்தக் கேள்விதான் அவளுக்குப் பிடித்தது. வாய்க்கால் ஓரத்தைக் காட்டினாள்.

கம்பம் நட்ட அன்று ஜப்பானிய அதிகாரி பார்வையிட வந்தார். முழங்கால் வரை பூட்ஸ், இடுப்பில் வாள். ருக்குமணியோ படலை மறித்து நின்று, வேலியோரம் கிடந்த விநாசித்தம்பியின் பூட்சைக் கைகாட்டினாள். அதிகாரி அதைப் பார்த்தார்; அவளது வெறுங்காலைப் பார்த்தார். பிறகு தன் வீட்டு வாசலுக்கு வந்தவர்போல் குனிந்து பூட்சைக் கழற்றினார்.

ருக்குமணி சிரித்துக்கொண்டே தனக்கும் சேர்த்து மூன்று பேருக்கும் வெற்றிலை மடித்தாள்.

"பாத்தீங்களா அண்ணே, பாஷை தெரியாத மனுஷனுக்கே உடனே புரிஞ்சிருச்சு. உங்களுக்குத்தான் லா ரெண்டு நாளு ஆச்சு."