துத்தம் போடாத பசை

முத்துமாரியம்மாளைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். சைக்கிளில் சரவெடி விற்று, சாத்தூர் ரோட்டில் அறுபது பேருக்கு வேலை கொடுக்கிற கம்பெனி கட்டினேன். அங்கே இருபத்திரண்டு வருசமாக வெடிக்குழாய் உருட்டுகிறாள் இந்த ஆமத்தூர்க்காரி. அவள் ஒட்டின குழாய் பிரிந்து நான் பார்த்ததில்லை.

போன சீசனில் இடுப்பு வலி என்று உட்கார்ந்தாள். மதுரையில் காட்டினால், எலும்பு மஜ்ஜையில் புற்று. தூள் அடைத்த கூடு மாதிரி ஒரு மாத்திரை கொடுத்தார்கள். இருபத்தொரு நாள் தின்று ஏழு நாள் விட வேண்டுமாம்.

"அதென்ன, லீவு போடுற மாத்திரை?" என்றேன்.

"அது ஒரு மாதிரிப் பசையாம் அண்ணாச்சி. டாக்டரம்மா சொன்னாக. செல்லுக்குள்ள வேண்டாத புரதத்தைக் கழிச்சுக்கட்ட ஒரு ஆளு இருக்காம். நோயை வளக்குற புரதம் அவன் கையில சிக்காமத் திரியுதாம். இந்த மருந்து ரெண்டையும் ஒட்டவச்சிருமாம். பெறகு அவன் அதை முடிச்சிருவான்."

பசை என்றதும் எனக்குப் பொறி தட்டியது. நான் மைதாப் பசை காய்ச்சியே வளர்ந்தவன். பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் போடுவோம். நீல விஷம். இவள் மாத்திரையும் நீலம்! யாரிடம் காட்டுகிறார்கள் இந்த வேலையை?

மத்தியானம் கம்பெனியில் அவள் கை கழுவப் போன நேரம், அவளுடைய மாத்திரை டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துப் பிரித்தேன். உள்ளே வெள்ளைத் தூள். தண்ணீரில் குழைத்து, ரெண்டு காகிதத் துண்டுக்கு நடுவில் தடவி, வெயிலில் வைத்தேன். காய்ந்ததும் தானாகப் பிரிந்துகொண்டது.

"பாத்தியா? ஒட்டல. ஏமாத்து வேலை. இன்னையோட நிறுத்து."

வெறும் கூட்டைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. "பிரிக்கக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாகளே! மொதல்ல கையக் கழுவுங்க. காயிதம் ஒட்டவா இதைத் திங்கிறேன்? இன்னைக்கு உள்ள மாத்திரைக்கு நான் எங்கன போவேன்?"

அறுபது பேர் முன்னால் என்னை ஒருத்தரும் அப்படிக் கேட்டதில்லை. காரை எடுத்து மதுரைக்குப் போனேன். டாக்டரம்மாவும் ஏசினார். நீலம் மேல்கூட்டின் சாயம் மட்டும்தானாம். சாயங்காலத்துக்குள் வேறு மாத்திரையைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தேன்.

மூன்று மாதத்தில் ரத்தத்தில் நோயின் அளவைக் காட்டுகிற புரதம் பாதிக்கு மேல் குறைந்ததாகச் சீட்டு வந்தது. நான் நம்புவேனா? வேறு லேபில் ரத்தம் எடுத்துப் பார்க்க வைத்தேன். அங்கேயும் அதேதான்.

இப்போது முன்னைப் போலக் குழாய் உருட்டுகிறாள். நான் அந்தப் பக்கம் போனால் மட்டும் மாத்திரை டப்பாவை எடுத்து மடியில் செருகிக்கொள்கிறாள்.