பாவாத்தாள் நிறுத்தாத தறி

கருமத்தம்பட்டியில் எங்கள் தெருவில் யாருக்கும் மெல்லப் பேசத் தெரியாது. வீட்டுக்கு வீடு பின்கட்டில் விசைத்தறி ஓடும்போது மெல்லப் பேசி என்ன பிரயோசனம்? அதிலும் பாவாத்தாள் அக்கா பேசினால் தெருக்கோடி வரை கேட்கும். கணவர் தவறிப்போன பிறகு ஆறு தறிகளையும் தனியாளாக ஓட்டி, மகளை இன்ஜினீயரிங் படிக்க வைத்தவர். அந்தக் குரலுக்கு நான் எப்போதும் கொஞ்சம் பயப்படுவேன், நிறையவே மரியாதை வைத்திருக்கிறேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளி வந்தால் முதலில் தறியை நிறுத்துவோம். பிறகுதான் "வாங்க" என்போம். இரைச்சலில் அந்த வார்த்தை கேட்காமல் போனால் வந்தவர் மனம் கோணிவிடாதா? இந்தப் பாழாய்ப்போன மரியாதைதான் எங்களைக் கவிழ்த்தது.

எந்த இடத்தில் வீடு, எந்த இடத்தில் தொழில் என்ற நில விதிகளைத் திருத்துகிறார்கள் என்று கோவையிலிருந்து இரண்டு அலுவலர்கள் தெருவைப் பார்க்க வந்தார்கள். முனையில் ஜீப் நின்றதுமே ஒருவர் பாக்கியில்லாமல் தறியை நிறுத்தினோம். இளநீர் வெட்டிக் கொடுத்தோம். அவர்களும் சந்தோஷமாகப் போனார்கள். வரைவுத் திட்டம் வெளியானபோது எங்கள் தெரு வெறும் குடியிருப்புப் பகுதி என்றிருந்தது.

முதல் அடி அக்காவுக்கு. மழையில், ஆறு தறிகளும் ஓடும் அவருடைய தறிக்குடோனின் பின்சுவர் விரிசல் விட்டுச் சாய்ந்திருந்தது. இடித்துக் கட்ட அனுமதி கேட்டதற்கு, குடியிருப்பில் தறிக்குடோன் கட்ட முடியாது, வரைவு மாறினால் பார்க்கலாம் என்றார்கள். சுவர் விழுந்தால் ஆறு தறியும் பழைய இரும்புக்குத்தான் போகும்.

ஆட்சேபணை சொல்ல அக்கா கோவைக்குப் பஸ் ஏறினார். துணைக்கு நானும் போனேன். அங்கிருந்த அதிகாரி தனபால் நல்ல மனிதர்.

"ஏனுங்கம்மா, எங்க ஆளுங்க நேர்லயே வந்தாங்களே. தறிச் சத்தமே இல்லீன்னாங்க."

அக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "அட சாமி! அவங்க வந்தாங்கன்னுதானுங்க நிறுத்திப்போட்டோம். நீங்களே ஒருக்கா வந்து பாருங்க."

ஊர் திரும்பியதும் வீடு வீடாகப் போய், இந்த முறை யாரும் தறியை நிறுத்தக்கூடாது என்று சொன்னார். எதிர்வீட்டுச் செங்கோட்டையன் முறைத்தார்.

"வந்தவங்களை வாங்கன்னு கூப்புடாமயாக்கா?"

"கூப்புடு. அவருக்குக் கேக்காட்டிப் போகுது. தறி கேக்கட்டும்."

தனபால் வந்த அன்று தெருவே அதிர்ந்தது. அக்கா கை கூப்பி வாய் அசைத்ததுதான் தெரிந்தது. சுவிட்ச் பக்கம் அவர் கை தானாகப் போவதையும், அதை அவரே இழுத்துக்கொள்வதையும் பார்த்தேன். பாவமாக இருந்தது. அதிகாரி குடோன் குடோனாக நுழைந்து, குறித்துக்கொண்டு, மோர் குடித்துவிட்டு ஏதோ சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை.

ஜீப் போனதும் அக்கா அழுதுவிட்டார். "ஊட்டுக்கு வந்தவர ஒரு வார்த்த கேக்காம அனுப்பிப்போட்டனே." ஊருக்கெல்லாம் தைரியம் சொன்னவர் இவர்தானா என்றிருந்தது எனக்கு.

இறுதித் திட்டம் வந்ததும், எங்கள் ஊர்ப் பக்கம் வந்த தனபாலே அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார். எதையோ கத்திச் சொன்னார். அக்கா உள்ளே ஓடித் தறிகளை நிறுத்தினார்.

"என்னங்கம்மா, சேதி கேட்டுச்சுங்களா?"

"இருங்க. மொதல்ல வாங்க, வந்து உக்காருங்க. அன்னிக்கும் சொன்னனுங்க, உங்களுக்குக் கேட்டிருக்காது."

அவர் உட்கார்ந்தார். "வீடும் தறியும் சேர்ந்தே இருக்கலாம்னு மாத்தியாச்சுங்கம்மா. சொவுத்தக் கட்டுங்க."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மோர் எடுத்துவரப் போனார். அதற்குள் எதிர்வீட்டில் தறி நின்றது. அடுத்த வீட்டிலும் நின்றது. தனபால் விடைபெற்றுப் போகும் வரை எங்கள் தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை.