நீட்டிய கை

புலம்பெயர்ந்து வந்த ஸ்ட்ரெதம் ஊரின் மண்டபத்தில் எனக்கு முதல் பிலிப்பினோ கம்புச் சண்டை. இரண்டு பிரம்புகளும் மோதிய வேகத்தில் கருகல் வாசம் எழுந்தது.

யாழ்ப்பாணத்தில் அப்பா புதுப் பிரம்பை அடுப்புத் தணலில் வாட்டி நிமிர்த்தும்போது இதே வாசம்தான் வரும். அன்றைக்குக் குசினிப் பக்கமே போகமாட்டேன்.

"கையை நீட்டடி. இழுத்தா இன்னொண்டு விழும்" என்பார். இழுத்து இழுத்துக் கூடுதலாக வாங்கி, கடைசியில் அசையாமல் நீட்டப் பழகிவிட்டேன்.

மண்டபத்தில் எதிரே நின்றவனின் கம்பு படாரென்று விரலில் விழுந்தது. கையுறைக்குள்ளும் நொந்தது.

"அக்கா, நிப்பாட்டுவமா?" என்றான் என்னோடு மோதிய இளைஞன். "கையை நீட்டிக்கொண்டே நிக்கிறீங்கள். அடி வரேக்க இழுக்கோணும்."

இழுக்கச் சொல்லி இப்போதுதான் ஒருவர் சொல்கிறார்.

"நிப்பாட்டாத. அடி."

அடித்தான். இழுத்தேன். அவன் கம்பு வெறும் காற்றில் போனது. என்னுடையது அவன் தலைக்கவசத்தில் இறங்கியது.