கடைசி எண்ணை மாற்றிய விரல்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, நான் ஐந்து மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது அரியலூரில் நடந்தது இது. எங்களுக்கு வீடு பெரம்பலூரில். எனக்கு வீட்டிலிருந்தபடியே வேலை. இணையதளங்களில் பாதுகாப்பு ஓட்டை இருக்கிறதா என்று தேடி, கிடைத்தால் அந்த நிறுவனத்துக்கே சொல்லிவிடுவேன். இப்படித் தேடச் சொல்லி அவர்களே அழைத்து, சன்மானமும் தருவார்கள். 'பக் பவுன்டி' என்று பெயர். அழைக்காத இடத்தில் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம்.

அன்று அரியலூரில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். ரிப்போர்ட்டைப் பார்க்கச் சொல்லி போனுக்கு லிங்க் வந்தது. அதன் கடைசியில் ஓர் எண். தொழில் புத்தி, யோசிப்பதற்குள் விரல் அதை மாற்றிவிட்டது. ஆண்டிமடத்துப் பெண் ஒருத்தியின் ரிப்போர்ட் திறந்தது. பெயர், போன் நம்பர், எல்லாம் இருந்தது. குழந்தைக்கு இதயத்துடிப்பு இல்லை என்று எழுதியிருந்தது. அவள் வீட்டாருக்கே தெரியுமோ என்னவோ, எனக்குத் தெரிந்துவிட்டது. சட்டென்று மூடிவிட்டேன்.

கணவரிடம் சொன்னேன். "பேசாம விட்டுரு. நம்மளயே புடிச்சு உள்ள போட்டுருவாங்க" என்றார். விட முடியவில்லை. நடந்ததை மறைக்காமல் எழுதி, என் பெயரும் போட்டு சென்டருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்.

மறுநாள் அதன் உரிமையாளர் போனில் கத்தினார். "யாரக் கேட்டும்மா எங்க கம்ப்யூட்டருக்குள்ள பூந்த? பணம் புடுங்கலாம்னு பாக்குறியா? போலீஸ்ல குடுக்குறேன் பாரு!" நான் வாய் திறப்பதற்குள் வைத்துவிட்டார்.

அதன் பிறகு வாசலில் வண்டிச் சத்தம் கேட்டாலே போலீஸோ என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பேன். சோறு இறங்கவில்லை. குழந்தை கொஞ்ச நேரம் அசையாவிட்டால், என் பயம்தான் அதை ஏதோ செய்துவிட்டதோ என்று வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். கடைசியில் சைபர் கிரைம் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தேவிட்டது. கணவரோடு போனேன்.

இன்ஸ்பெக்டர் ஒரு பெண்மணி. எதிரே உரிமையாளரும், சென்டரின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவரும் உட்கார்ந்திருந்தார்கள். "எத்தன ரிப்போர்ட்டும்மா தொறந்த?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"என்னோடது ஒண்ணு, அப்பறம் இன்னொண்ணு மேடம்." கணவர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கம்ப்யூட்டர்காரர், யார் எதைத் திறந்தார்கள் என்ற பதிவை லேப்டாப்பில் பார்த்தார். "இவங்க சொல்றது சரிதான் மேடம், ரெண்டுதான்" என்றவர், இன்னும் கீழே பார்த்துக்கொண்டே போய் நின்றுவிட்டார். "ஆனா இவங்களுக்கு முன்னாடியே வேற யாரோ வந்துருக்காங்க. வரிசையா எல்லாத்தயும் எடுத்துட்டுப் போயிருக்காங்க."

உரிமையாளரின் முகம் வெளுத்துவிட்டது. "என் பொண்ணு ரிப்போர்ட்டும் அதுலதாங்க இருக்கு" என்றார் மெல்ல.

"இந்தம்மா மேல குடுத்த புகார வாபஸ் வாங்கிட்டு, எடுத்துட்டுப் போனவங்க மேல புதுசா எழுதிக் குடுங்க சார்" என்றார் இன்ஸ்பெக்டர்.

அன்றே அந்த ஓட்டையை அடைத்தார்கள். எனக்கு நல்லபடியாக மகள் பிறந்தாள். ஆனால் எடுத்துப்போனவன் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. என்னைத் திருடி என்று சொல்லிவிடுவார்களோ என்று நான் நடுங்கிக்கிடந்த நாட்களில், உண்மையில் திருடியவன் எங்கோ நிம்மதியாகத் தூங்கியிருப்பான். அதை நினைக்கும்போதெல்லாம், பயந்துகொண்டாவது சொல்லித் தொலைத்தேனே என்று எனக்கு ஓர் ஆறுதல்.